மயிலைக் கொண்டுபோய் விட்ட கதை

1

எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தால் முதல் வேலையாக ‘பாக்கலாங்க’ என்ற சொல்லைத் தடை செய்துவிடுவேன். அடுத்தது ‘பண்ணிர்லாங்க’. அதிகாரம் இல்லாத காரணத்தால், மலேசியாவில், நம் ஈப்போவில் நிம்மதியாக இருக்கும் உங்களை உட்காரவைத்துப் புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

நான் திருப்பூருக்கு வந்து இந்த மாதத்தோடு ஏழு வருஷம். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று இங்கே பனியன் வாங்குகிறது. அதில் குற்றம் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். பிறவிக் குணத்துக்குச் சம்பளம் கிடைக்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஏழு வருஷ நிறைவை மனைவி மரகதம் கேசரி கிண்டிக் கொண்டாடினாள். நான் ஒரு நாயைத் தொலைத்துக் கொண்டாடினேன்.

விஷயத்துக்கு வருமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கொங்குச் சீமையில் யாரும் ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார்கள். முகத்துக்கு நேரே ஒருவரை மறுப்பது அவ்வளவு பெரிய அநாகரிகம். “வெள்ளிக்கிழமை சரக்கு ரெடியாகிவிடுமா?” என்று கேட்டால் “பண்ணிர்லாங்க” என்பார்கள். கப்பல் நம் சரக்கு இல்லாமல் போகும் என்பது அதற்குப் பொருள். இது புரியாமல் முதல் வருஷம் முழுக்க நான் சிங்கப்பூருக்கு மன்னிப்புக் கேட்டு ஃபேக்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

என் தமிழும் இவர்களுக்குப் புரிவதில்லை, அது வேறு. வந்த புதிதில் ஒரு முதலாளியிடம் நம் ஊர் வழக்கப்படி “பசியாறியாச்சா?” என்று விசாரித்தேன். காலைப் பலகாரம் ஆயிற்றா என்ற அர்த்தத்தில்தான். அவர் பதறிப்போய், “ஏனுங்க, சாப்புடாமயா வந்தீங்க?” என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் இலை போட்டுவிட்டார். மறுக்கத் தெரியாமல் ஒன்பது இட்லி தின்றேன். அன்றைக்கு என்னிடமும் ஒரு ‘முடியாது’ இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

2

நாய் கிடைத்தது ஒரு சாயப்பட்டறையில். எந்தப் பட்டறை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கு அங்கே எனக்குக் காப்பி கிடைக்காது.

துணிக்குச் சாயம் ஏற்றி மிஞ்சிய தண்ணீர் ஒரு சிமெண்டுக் கால்வாய் வழியாக வெளியே போகும். அது எங்கே போகிறது என்று கேட்டால், “போயிருமுங்க” என்பார்கள். அன்றைய சாயம் மயில் கழுத்து நிறம். கால்வாய்க்குள் ஏதோ முனகுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், ஒரு நாட்டு நாய். வழுக்குகிற சுவரில் ஏற ஏறச் சறுக்கி விழுந்துகொண்டிருந்தது. எத்தனை நேரமாகவோ. பக்கத்திலேயே பத்துப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

கட்டிங் வேஸ்ட் துணியை முறுக்கிக் கயிறாக்கி, நானும் இரண்டு தொழிலாளிகளுமாக இழுத்து மேலே போட்டோம். என் சட்டை, கால்சட்டை, கைக்கடிகாரம் எல்லாம் மயில் கழுத்து. முதலாளி ஓடி வந்தார். நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வருத்தம் தெரிவிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“பயப்படாதீங்க சார். நம்ம சாயமுங்க. எத்தன தொவச்சாலும் போகாதுங்க” என்றார் பெருமையாக.

உண்மைதான். சாயம் போகிறது என்று ஏழு வருஷமாக நான் கழித்துத் தள்ளிய சரக்கு ஒரு கப்பல் நிறையும். இந்த ஊரில் சாயம் போகாமல் நான் கண்ட முதல் சரக்கு அந்த நாய். மூன்று முறை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினோம். தண்ணீர் தெளிவாக ஓடியது. நாய் அதே நிறத்தில் நின்றது.

என் மகள் தேன்மொழிக்கு ஐந்து வயதில் ஈப்போவை விட்டு வந்தோம். இப்போது பன்னிரண்டு. வீட்டை ‘ஊடு’ என்கிறாள். நாயைப் பார்த்ததும் துள்ளினாள். “ஏனுங்ப்பா, நம்மூட்டுக்கு மயில் வந்துருக்குது!”

அதுவே பெயராயிற்று. மயில்.

3

எங்கள் வீட்டு ஓனர் சின்னச்சாமி கீழே நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். மாடியில் நாங்கள். மயிலுடன் படியேறும்போது அவர் எதிரே வந்தார்.

“நாயிங்களா சார்?”

“ஆமாம். நல்ல இடம் கிடைக்கும் வரைக்கும்தான். பரவாயில்லையா?”

“அதுக்கென்னுங்க. பாக்கலாங்க” என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு ஏறினேன். மறுநாளிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. “மோட்டாரு ரிப்பேருங்க” என்றார் அதே சிரிப்போடு. கீழ் வீட்டுக் குழாய் மட்டும் அதே மோட்டாரில் அருவியாகக் கொட்டியது. நாலாம் நாள் குடத்தோடு படியேறி வந்த மரகதம், “உங்களுக்கு இன்னுமா புரியலே? அவர் நாய் வேணாங்கிறாரு” என்றாள். ஒரு மனிதர் வேண்டாம் என்று சொல்வதற்குப் பதில் ஒரு குடும்பத்தைக் குளிக்காமல் வைப்பார் என்றால், அந்த மரியாதையை நான் எந்தத் தொட்டியில் ஊற்றி வைப்பது?

நானே வளர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். வீடு மாறலாம். ஆனால் என்னையே இங்கே ஒரு வருஷம் ஒரு வருஷமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் விசாவுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போய், நான் அந்நியன்தான் என்று நிரூபிக்க வேண்டும். அங்கே மேசைக்கு மேசை ஒரே கேள்வி.

“தமிழ் இவ்வளவு நல்லாப் பேசறீங்க. அப்புறம் எப்படீங்க ஃபாரினரு?”

“மலேசியாவில் பிறந்தவன்.”

“பூர்வீகம்?”

“தாத்தா சேலத்துப் பக்கமிருந்து போனவர்.”

“அட, அப்ப நம்மாளுதானுங்க!” என்று அதிகாரி நாற்காலி போடுவார். காப்பி சொல்வார். கடைசியில், நம்மாளுக்கு அந்நியர் முத்திரை குத்துவது எப்படி என்று குழம்பி, “அடுத்த வாரம் வாங்க, பாக்கலாங்க” என்பார். முத்திரை விழுந்தால் ஒரு வருஷம் தள்ளும். விழாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும். நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருஷம் என்கிறார்கள். அத்தனை நீளமான உயிரை வளர்க்க என் பாஸ்போர்ட்டில் இடமில்லை. நான் போன பிறகும் அதற்கு ஒரு வாசல் வேண்டும்.

4

வாசல் தேடிப் புறப்பட்டேன்.

முதலில் ஒரு தையல் கம்பெனி முதலாளி. காம்பவுண்டும் வாட்ச்மேனும் உள்ள இடம். நான் பனியனைப் பிரித்துப் பார்ப்பதுபோல அவர் மயிலைச் சுற்றி வந்து பார்த்தார். வாலைத் தூக்கினார்.

“பொட்டைங்களா?”

“ஆமாம்.”

“ஓ. பாக்கலாங்க.”

அடுத்தவர் சாயம் போன பிறகு பார்க்கலாம் என்றார். மூன்றாமவர், பெரிய வீட்டுக்காரர், வெள்ளையாகச் சடை சடையாக முடி தொங்குகிற ஜாதியாக இருந்தால் சொல்லச் சொன்னார். ஆனால் எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். பொட்டையா? குட்டி போடுமே?

எனக்கு இது அடங்கவே இல்லை. இந்த ஊர் சாப்பிடுகிற சோறு பெண்கள் தைத்த சோறு. காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, பகலெல்லாம் குனிந்து, கைமடிக்கிறதும் பிசிறு வெட்டுகிறதும் பெண்கள். அவர்கள் தைத்ததை உலகம் பூரா விற்று மாடி மேல் மாடி கட்டியவர், காவலுக்கு ஒரு பெண் நாய் ஆகாது என்கிறார். அவர் எதிரில் இதைச் சொல்லவில்லை. அவருடைய சரக்கு லாட் ஒன்று என் மேசையில் இருந்தது. அதை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான கண்ணாடி போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

‘நம் ஊரானால் இப்படியா?’ என்று நீங்கள் யாரும் மார்தட்ட வேண்டாம். ஈப்போவில் என் அப்பா வருஷா வருஷம் நாய்க்கு லைசென்ஸ் எடுப்பார். கழுத்தில் தகர வில்லை தொங்க வேண்டும். வில்லை இல்லாத நாயைச் சுடுவதற்குத் துப்பாக்கியோடு நகராட்சி ஆட்கள் வருவார்கள். வில்லை அறுந்து விழுந்த ஒரே காரணத்துக்காக எங்கள் ஜிம்மியைப் பக்கத்துக் கடை வாசலில் சுட்டார்கள். அப்பா லைசென்ஸ் ரசீதை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர்கள் ரசீதை வாங்கிப் படித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே கொங்குக்காரர் மரியாதையையும் நம்மவர் ஒழுங்கையும் நான் ஒரே தராசில்தான் வைத்திருக்கிறேன்.

5

தண்ணீர் இல்லாத மூன்றாவது வாரம் சின்னச்சாமியே ஒரு வழி சொன்னார். அவருக்கு உறவில் ஒரு பெரியவர். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில், பக்கத்திலேயே தோட்டம். “நான் சொல்லி வச்சுட்டனுங்க, மாடி சார் ஒண்ணு குடுக்கறாருன்னு. நீங்க ஒரு வார்த்த பேசிருங்க” என்று தன் வீட்டு போனிலேயே கூப்பிட்டுக் கொடுத்தார். பின்னால் நிட்டிங் மிஷின் இரைச்சல். நான் கத்திப் பேசினேன்.

“மயிலை உங்களிடம் கொடுக்கலாம் என்று சின்னச்சாமி சொன்னார்.”

“மயிலைங்களா! குடுங்க குடுங்க. தாராளமா வளத்தலாங்க.”

ஏழு வருஷத்தில் இவ்வளவு தெளிவான சம்மதத்தை நான் கேட்டதில்லை. நம்பிக்கை வராமல், “பெண்ணுதான், பரவாயில்லையா?” என்றேன்.

“அதுதானுங்க வேணும்! ஈத்து எத்தனைங்க?”

“இன்னும் ஒன்றும் போடவில்லை.”

“கெடேரிங்களா! ரொம்பச் சந்தோசமுங்க.”

கிடேரி என்றால் நல்ல குணம் என்று பொருளாக்கிக்கொண்டேன். “கட்டியே போட்டுவிட மாட்டீர்களே?”

“ச்சேச்சே, பகல்ல மேய உட்ருவமுங்க. ஒதைக்குமுங்களா?”

“உதைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாதுங்க.”

“சின்னச்சாமி வேனு இங்கதான வருது, நாளைக்கே அனுப்பிருங்க சாமி” என்றார் பெரியவர். குரல் தழுதழுத்தது. நாய்கள்மேல் இவ்வளவு பிரியமுள்ள ஒரு மனிதரா என்று போனுக்கே ஒரு கும்பிடு போட்டேன்.

காங்கேயத்துக்காரர் காதில் ‘மயிலை’ என்றால் அது ஒரு நிறம். சாம்பல் பூத்த வெள்ளை மாடு. அந்த ஊர் மாட்டுக்கே அதுதான் பேர்போன நிறம். கிடேரி என்றால் இன்னும் ஈனாத இளம் பசு. இது எதுவும் எனக்குத் தெரியாது. இங்கே பிறந்தவன் ‘மயில’ என்று வாய்க்குள் முழுங்கியிருப்பான், சந்தேகம் வந்திருக்கும். நான் ஈப்போத் தமிழ்ப் பள்ளியில் பிரம்படி வாங்கி வேற்றுமை உருபு கற்றவன். இரண்டாம் வேற்றுமை ‘ஐ’யை ஒரு குறையும் இல்லாமல் உச்சரித்து, ஒரு பசுவைத் தானம் செய்திருக்கிறேன்.

6

மறுநாள் சின்னச்சாமியின் வேன் காங்கேயம் போயிற்று. டிரைவர் முருகேசுவிடம் மயிலையும், ஊசி போட்ட சீட்டையும், ஒரு பொட்டலம் பிஸ்கட்டையும் கொடுத்து, “பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுட்டு வாப்பா” என்றேன். மாலையில் திரும்பி வந்தான்.

“விட்டாச்சுங்க சார்.”

“இடம் எப்படி?”

“நல்ல விசாலமுங்க.”

“சாப்பாட்டுக்கு?”

“அதெல்லாம் அதே பாத்துக்குமுங்க.”

“அழுததா?”

“வேனு பின்னால கொஞ்ச தூரம் ஓடியாந்துதுங்க. அப்புறம் நின்னுக்குச்சு.”

நான் மாடியேறி, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்த தகப்பன் பாவனையில் இதை அப்படியே சொன்னேன். வேன் பின்னால் ஓடி வந்தது என்ற இடத்தில் தேன்மொழி எழுந்து நின்றாள்.

“ஏனுங்ப்பா, ரோட்டுல வுட்டுட்டு வந்துட்டாங்க!”

“இல்லைம்மா, விட்டாச்சு என்றால்...”

“விட்டாச்சுன்னா அதுதானுங்ப்பா! பூனை, நாய எல்லாம் அப்படித்தான் சாக்குல போட்டுக் கொண்டுபோயி வுடுவாங்க. உங்களுக்குத் தமிழே தெரியாதாங்ப்பா?”

ஈப்போவில் மேடையேறித் தமிழ் பேசியவனைப் பார்த்து இந்தக் கேள்வி. கீழே இறங்கி ஓடினேன். சின்னச்சாமி கொஞ்சமும் பதறவில்லை.

“நீங்கதானுங்க சார் கொண்டுபோயி விடச் சொன்னீங்க?”

சொன்னது என்னவோ நான்தான். நண்பனை வீட்டில் விடுகிறோம். பிள்ளையைப் பள்ளியில் விடுகிறோம். மூச்சு விடுகிறோம், லீவு விடுகிறோம். அதே சொல்லால் ஓர் உயிரை நடுரோட்டில் இறக்கிவிட்டு வண்டியையும் கிளப்பிவிடலாம் என்றால், இந்த மொழியைச் செய்தவனை முதலில் விசாரிக்க வேண்டும்.

“பெரியவரிடம் நாய் என்றே நீங்கள் சொல்லவில்லையா?”

“பெரியவருங்க சார். எடுத்த எடுப்புல நாயின்னு எப்படீங்க சொல்றது?”

7

மறுநாள் விடிந்ததும் நானும் தேன்மொழியும் காங்கேயத்துக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் சாலையோரம் தெரிகிற ஒவ்வொரு நாயையும் ஜன்னலில் முகம் பதித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மில்காரப் பெரியவர் எங்களுக்கு மோர் கொடுத்தார். அவர் வருத்தம் உண்மையான வருத்தம். “புதுக் கயிறு, மஞ்ச, குங்குமமெல்லாம் எடுத்து வச்சுட்டு நின்னனுங்க சாமி. வேன் கதவத் தொறந்தா, நாயி. அதும் பச்சையா!”

“வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கலாமே?”

“ஊடு தேடி வந்தத வேண்டாம்னு எப்படீங்க சொல்றது? பாக்கலாம்னு சொல்லி உட்டனுங்க.”

முருகேசு உள்ளூர்க்காரன். அந்தச் சொல்லின் அர்த்தம் அவனுக்குத் தெரியும். மில்லைத் தாண்டி வளைவில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்திருக்கிறான். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஓனர், பெரியவர், டிரைவர், நான், நாலு பேரும் யாரையும் புண்படுத்தாமல் மிகுந்த மரியாதையோடு ஒரு நாயைக் கொல்லப் பார்த்திருக்கிறோம்.

வெளியே டீக்கடையில் விசாரித்தேன். மயில் கழுத்து நிறத்தில் ஒரு நாய் என்று சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. கடைக்காரர் ஆச்சரியமே படாமல் கை காட்டினார். “அந்தத் தெக்கத்தியம்மா களத்துல கெடக்குதுங்க.”

தகரக் கதவு போட்ட களம். வெயிலில் பிளந்த தேங்காய்கள் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன. குடை கட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் கனத்த சரீரத்தோடு ஓர் அம்மாள். பெயர் ஞானம்மாவாம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கொப்பரை காயப்போடும் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்திருப்பவர். காலடியில் மயில். எங்களைப் பார்த்ததும் அழுதுகொண்டே ஓடி வந்து தேன்மொழியின் மேல் விழுந்தது.

“யாரு நீங்க?” என்றார் ஞானம்மா. எழுந்திருக்கவில்லை.

“எங்க நாயிங்க அக்கா. கூட்டிட்டுப் போக வந்தமுங்க” என்றாள் தேன்மொழி.

“தரமாட்டேன்.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஏழு வருஷமாக இந்தச் சொல்லைக் கேட்டிராத காது.

“அம்மா, நாய் எங்களுடையது. ஊசி போட்ட சீட்டுக்கூட...”

“என்ன அண்ணாச்சி வெளையாடுதீங்களா? நடுரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிட்டு, இன்னைக்கி வந்து எம் பொருளுன்னு நின்னா தந்துருவாவளா? லாரில அடிபட்டுருந்தா அந்தச் சீட்ட வச்சி என்ன செய்வீக?”

“நான் விட்டுட்டு வரச் சொல்லவில்லை அம்மா. விட்டுட்டு வரத்தான் சொன்னேன்.”

ஞானம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தேன்மொழியிடம் திரும்பி, “ஏட்டி, ஒங்கப்பாவுக்கு வெயிலு ஒத்துக்கிடாதோ?” என்றார்.

ரோஷம் வந்தது எனக்கு. சரி, குற்றம் கண்டுபிடிப்பது என் தொழிலாயிற்றே. களத்தைச் சுற்றிப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது. நிழல் இருந்தது. கயிறு இல்லை. ஆனாலும் விடவில்லை.

“பெண் நாய், தெரியுமா?”

“நானும் பொட்டச்சிதான். களத்த நான் பாக்கலியா?”

“குட்டி போடும்.”

“பெறவு? முட்டையா போடும்?”

“ராத்திரி எங்கே இருக்கும்?”

“எங்கூட வீட்டுக்கு வருவா. நேத்தும் வந்தா. மீன் கொளம்பு ஊத்திச் சோறு வச்சேன், சட்டியத் தூக்கி மூஞ்சில மாட்டிக்கிட்டா.” சொல்லும்போது சிரிப்பை அடக்கினார். உடனே அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து என் மேல் கோபித்தார். “எம்புட்டுக் கேள்வி! ரோட்டுல விடும்போது இதுல ஒரு கேள்வி கேக்கத் தோணலியா ஒமக்கு?”

கொப்பரையின் மேல் ஒரு காகம் இறங்கியது. தேன்மொழியின் மடியில் கிடந்த மயில் தலையைத் தூக்கியது. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மயில் திமிறியது. அவள் முகம் ஒரு மாதிரியாகிக் கையை எடுத்தாள். நாய் குரைத்துக்கொண்டு களத்தைக் கடந்து ஓடி, காகத்தைக் கிளப்பிவிட்டு, திரும்பி வந்து நாற்காலிக்கு அடியில் படுத்தது.

“சரி. பாத்தாச்சுல்லா, கெளம்புங்க” என்றார் ஞானம்மா.

“அடுத்த மாதம் ஒருமுறை வந்து...”

“வராதீங்க. ரெண்டு வீட்டு நெனப்பு இருந்தா அதுக்குத்தான் கஷ்டம். நாங் கூப்புடுதேன், அப்ப வாங்க.”

கூப்பிடுவதற்கு எங்கள் போன் நம்பரை அவர் கேட்கவே இல்லை. சாயக் கால்வாயிலிருந்து தூக்கியவன் நான். குளிப்பாட்டியவன், குளிக்காமல் மூன்று வாரம் கிடந்தவன் நான். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல், எங்களை வெளியே தள்ளித் தகரக் கதவைச் சாத்திக் கொண்டியும் போட்டார். ஊரில் இருந்தபோதுகூட என்னை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை. வெயிலில் நின்று அந்தக் கதவைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

தேன்மொழி மூக்கை உறிஞ்சி, பாவாடையில் ஒட்டியிருந்த நாய் முடியைத் தட்டிவிட்டாள்.

“நல்ல எடமுங்ப்பா” என்றாள். “நம்மளையே உள்ள உடமாட்டேங்கறாங்க.”